கையால் உழக்கி மலை ஏறுதல்: யாழ்ப்பாணத்திலிருந்து நுவரெலியா வரை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நானும் எங்கள் ஒழுங்கையில் மூன்று வீடு தள்ளி இருக்கிற அண்ணையும் ஒரு பெப்ரவரி மாதம் யாழ்ப்பாணத்திலிருந்து நுவரெலியாவுக்குச் சைக்கிளில் போனோம். நான் காலால் உழக்கினேன், அவர் கையால் உழக்கினார். பனையிலிருந்து விழுந்து முள்ளந்தண்டு அடிபட்ட நாளிலிருந்து அவருக்குத் தொப்புளுக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்வும் இல்லை. வீட்டிலேயே கைப்பேசி திருத்திக் கொடுத்துப் பிழைக்கிறார்.

திரும்பி வந்த பிறகு சந்தையிலும் கோயில் வீதியிலும் ஆட்கள் மறித்துக் கேட்டார்கள். சிலர் ஆவலில் கேட்டார்கள். சிலர் தாங்களும் போக நினைத்துக் கேட்டார்கள். அந்த இரண்டாவது வகை ஆட்களுக்காகத்தான் இதை எழுதினேன். ஒவ்வொரு பதிலையும் அண்ணைக்கு வாசித்துக் காட்டினேன். "இது அப்படி இல்லைத் தம்பி" என்று அவர் சொன்ன இடங்களைத் திருத்தியிருக்கிறேன்.

கைச்சைக்கிள் என்றால் எங்கள் ஊரில் கண்ட மூன்று சில்லு வண்டிதானா?

அதன் உறவு என்று சொல்லலாம். இங்கே பலர் வைத்திருப்பது நிமிர்ந்து இருந்து கையால் சுற்றுகிற இரும்பு வண்டி. கியர் இல்லை, பாரம் கூட. சந்தைக்கும் வேலைக்கும் போய்வர அது நல்ல வண்டிதான், மட்டமான தரையில் குறை சொல்ல முடியாது. மலைக்குத்தான் சரிவராது.

அண்ணை ஓடியது சாய்ந்து படுத்த மாதிரி இருந்து ஓடுகிற வகை. பின்னுக்கு இரண்டு சில்லு, முன்னுக்கு ஒன்று. நெஞ்சுக்கு நேரே இரண்டு கைப்பிடிகள், அவற்றிலிருந்து செயின் முன்சில்லுக்குப் போகிறது. திருப்புவதும் அதே கைப்பிடிகளால்தான். சாதாரண சைக்கிளில் ஒரு பெடல் மேலே போனால் மற்றது கீழே வரும். இதில் இரண்டு கையும் ஒன்றாகவே சுற்றும். மாறி மாறிச் சுற்றினால் ஒவ்வொரு தள்ளலுக்கும் முன்சில்லு இடமும் வலமும் ஆடிவிடும். சக்கர நாற்காலியின் முன்னால் கொழுவிக்கொள்கிற இன்னொரு வகையும் உண்டு. ஊருக்குள் ஓட அது மிக வசதி, ஏனென்றால் இறங்கும் இடத்தில் நாற்காலி கூடவே இருக்கும்.

உலக அளவில் இது வளர்ந்த விளையாட்டு. 2004இல் ஏதென்ஸ் பராலிம்பிக்கில் முதன்முதலாகச் சேர்த்தார்கள். உடல் வலுவைப் பொறுத்து எச்1 முதல் எச்5 வரை ஐந்து பிரிவுகள் இருக்கின்றன. எச்5 பிரிவினர் முழங்காலில் நின்று உழக்குவார்கள். 2001இல் கார்ப் பந்தய விபத்தில் இரண்டு காலையும் இழந்த இத்தாலியர் அலெஸ்ஸாண்ட்ரோ ஸனார்டி, 2012 லண்டனிலும் 2016 ரியோவிலும் கைச்சைக்கிளில் தங்கம் வென்றார். அண்ணையின் வேலை மேசைக்கு மேலே ஸனார்டியின் படம் ஒட்டியிருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் மேடே இல்லையே, எப்படிப் பயிற்சி எடுத்தீர்கள்?

காற்றோடு. வேலணைக்குப் போகிற பண்ணைத் தாம்போதியில் இரண்டு பக்கமும் கடல், மறைப்பு ஒன்றுமில்லை. சோளகம் வீசுகிற மாதங்களில் எதிர்க்காற்றில் போனால், மட்டமான வீதியிலும் ஏற்றத்தில் போகிற மாதிரித்தான் கை வலிக்கும். ஆறு மாதம், கிழமைக்கு நான்கு நாள், விடிய ஐந்து மணிக்குப் போனோம். காற்று இல்லாத நாளில் ரயரில் காற்றைக் குறைத்து, பின்னுக்கு 15 கிலோ அரிசி மூட்டை கட்டி ஓடினார். சிலர் பரிதாபமாகப் பார்த்தார்கள். அவர் பொருட்படுத்தவில்லை.

காற்றுக்கும் ஏற்றத்துக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. காற்றில் கையை விட்டால் வண்டி நிற்கும். ஏற்றத்தில் கையை விட்டால் பின்னுக்கு உருளும். பிறேக்கைப் பிடித்து நின்று மறுபடி வெளிக்கிடுகிற பழக்கத்தை முதலிலேயே எடுக்கவேண்டும். நாங்கள் அதை ஒரு வாய்க்கால் பாலத்தின் சரிவில் நூறு தடவைக்கு மேல் செய்து பார்த்தோம்.

எந்தப் பாதை? எத்தனை நாள்?

ஏ-9 வீதியால் கண்டி வரை 321 கிலோமீற்றர். பிறகு ஏ-5 வீதியால் பேராதனை, கம்பளை, புசல்லாவை, இறம்பொடை வழியாக நுவரெலியா, ஏறத்தாழ 77 கிலோமீற்றர். மொத்தம் 400 என்று வையுங்கள். கண்டியில் ஒரு நாள் ஆறுவதையும் சேர்த்துப் பதினொரு நாள் என்று திட்டம் போட்டோம். பதினான்கு நாள் எடுத்தது. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

முதல் நாள் கிளிநொச்சி, இரண்டாம் நாள் வவுனியா. இது நீண்ட நாள், ஏறத்தாழ 75 கிலோமீற்றர். முதல்முறை போகிறவர்கள் மாங்குளத்தில் ஓர் இரவு தங்கினால் நல்லது. பிறகு மிகிந்தலை, தம்புள்ளை, மாத்தளை, கண்டி. தம்புள்ளை வரை மேடு என்று சொல்ல ஒன்றுமில்லை. அதற்குப் பிறகுதான் வீதி அலை மாதிரி எழும்பி விழத் தொடங்கும்.

தம்புள்ளையிலிருந்து மாத்தளைக்குப் போகும்போது நாங்கள் அதிகம் பேசவில்லை. மன்னாரில் இறங்கிய மலையகத் தமிழரின் மூதாதையர் தோட்டங்களுக்கு நடந்து போன தடம் அது. 2023இல் அந்த வருகையின் 200 ஆண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தார்கள். மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் வாசலில் அண்ணை கைச்சைக்கிளை நிறுத்தி நெடுநேரம் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எந்த மாதம் நல்லது?

தை கடைசியிலிருந்து பங்குனி வரை. எங்கள் பக்கம் மாரி முடிந்திருக்கும். மலையகத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கியிருக்காது. வாடைக் காற்று இடது தோளுக்குப் பின்னாலிருந்து வருவதால் வவுனியா வரை கொஞ்சம் தள்ளியும் விடும். ஆனால் அந்த மாதங்களில் நுவரெலியா இரவுகள் கடும் குளிர். சில விடியற்காலைகளில் புல்லில் உறைபனி விழும்.

கையால் அவ்வளவு உயரம் ஏறத்தான் முடியுமா?

முடியும், ஆனால் வேகத்தை மறந்துவிட வேண்டும். கணக்கைப் பாருங்கள். கண்டி ஏறத்தாழ 500 மீற்றர் உயரம், நுவரெலியா 1,868 மீற்றர். பெரும் ஏற்றம் கம்பளைக்குப் பிறகுதான், கிட்டத்தட்ட 1,400 மீற்றர். அண்ணை, சைக்கிள், பை எல்லாம் சேர்த்து 90 கிலோ. அவருடைய கை நெடுநேரம் களைக்காமல் கொடுக்கக்கூடிய வலு 60 வாட் அளவு. அந்த வலுவில் இந்தப் பாரத்தை அந்த உயரத்துக்கு ஏற்ற ஆறு மணித்தியாலம் வேண்டும். ரயர் உருள்கிற தடையையும் சேர்த்தால் ஏழரை, எட்டு. அதை மூன்று நாளாகப் பிரித்தால் நாளுக்கு இரண்டரை மணித்தியாலம்தான் சுற்றவேண்டும். இந்தக் கணக்கைப் பழைய கொப்பியில் எழுதிப் பார்த்த இரவில்தான் எங்களுக்குப் பயம் விட்டது. மலை பெரிதுதான், ஆனால் துண்டு துண்டாக வெட்டி ஏறலாம்.

நூற்றுக்கு ஆறு, ஏழு மீற்றர் எழும்புகிற இடங்களில் அவர் வேகம் மணிக்கு நான்கு கிலோமீற்றர். நடக்கிற வேகம் அது. இருபது நிமிடம் சுற்றி ஐந்து நிமிடம் நிற்போம்.

அதற்கு என்ன கியர் வேண்டும்?

கடையில் வருகிற கியர் காணாது. கைப்பிடிப் பக்கம் 22 பல்லு, முன்சில்லுப் பக்கம் 34 பல்லு, 20 அங்குலச் சில்லு என்று மாற்றினோம். கையை ஒரு தடவை சுற்றினால் வண்டி ஒரு மீற்றர் போகும். நான்கு கிலோமீற்றர் வேகத்துக்கு நிமிடத்துக்கு 65 சுற்று வரும், தோளுக்கு அது இதமான எண்ணிக்கை. இதைவிடக் கனமான கியர் என்றால் ஒவ்வொரு சுற்றும் பாரம் தூக்குகிற மாதிரி ஆகிவிடும். கொஞ்சத் தூரத்துக்கு முடியும், பிறகு தோள் போய்விடும். மற்ற எதிலும் மிச்சம் பிடியுங்கள், கியரில் பிடிக்க வேண்டாம்.

ஏற்றத்தில் முன்சில்லு வழுக்காதா?

வழுக்கும். இழுப்பது முன்சில்லு, ஏற்றத்தில் பாரம் போவது பின்னுக்கு. காய்ந்த தாரில் பிரச்சினை இல்லை. இறம்பொடைக்கு மேலே மூடுபனியில் நனைந்த வளைவுகளில் இரண்டு தடவை சில்லு நின்ற இடத்திலேயே சுற்றியது. பழுது திருத்துகிற சாமான் பை, தண்ணீர், பூட்டு போன்ற பாரங்களை முன்பக்கச் சட்டத்தில் கட்டி, ரயர்க் காற்றைக் கொஞ்சம் இறக்கினோம். பிறகு வழுக்கவில்லை.

நீங்கள் தள்ளிவிட்டீர்களா?

இதைத்தான் அதிகம் பேர் கேட்டார்கள். 400 கிலோமீற்றரில் இரண்டு இடத்தில் தள்ளினேன், இரண்டும் அவர் கேட்டுத்தான். ஒன்று அந்த வழுக்கின வளைவு. மற்றது மிகிந்தலையில் விடுதி வாசல் சரிவு.

வெளிக்கிட முன்னமே இதைப் பேசி முடித்துவிட்டோம். "நான் 'தம்பி' என்று கூப்பிட்டால் வா. கூப்பிடாட்டி கிட்ட வராதை" என்றார். எனக்கு அது லேசாக இருக்கவில்லை. புசல்லாவை ஏற்றத்தில் அவர் கை நடுங்குவதைப் பார்த்துக்கொண்டு பின்னால் நின்ற அந்தப் பத்து நிமிடம்தான் பயணத்திலேயே எனக்குக் கடினமானது. அவர் நின்றார், மூச்சு வாங்கினார், தண்ணீர் குடித்தார், மறுபடி சுற்றினார். நான் கையை நீட்டியிருந்தால் அந்த ஏற்றம் அவருடையதாக இருந்திருக்காது.

கேட்காமல் தள்ளுவது ஆபத்தும்கூட. கம்பளை தாண்டி ஒரு நல்ல மனிதர் ஓடிவந்து முதுகுச் சட்டத்தைப் பிடித்துத் தள்ளினார். வண்டி எதிர்பாராமல் பாய, கைப்பிடி சுற்றி அண்ணையின் விரல் மொளியில் அடித்தது. தோல் உரிந்தது. அந்த மனிதர் கலங்கிப் போய்விட்டார். அண்ணைதான் அவரைத் தேற்றினார்.

அப்படியென்றால் கூடப் போகிறவருக்கு என்ன வேலை?

நிறைய வேலை. முதலாவது, பின்னால் காவல். கைச்சைக்கிள் நிலத்தோடு படுத்த மாதிரி இருக்கும், லொறிச் சாரதியின் கண்ணுக்கு எட்டாது. அதில் உயரமான செம்மஞ்சள் கொடி கட்டியிருந்தோம். நான் அவருக்குப் பத்து மீற்றர் பின்னால், வீதியின் நடுப்பக்கம் ஓர் அடி கூடுதலாக எடுத்து வந்தேன். பின்னால் வருகிறவர்கள் முதலில் என்னைக் கண்டு விலகவேண்டும், அதற்குத்தான்.

இரண்டாவது, அவருடைய சக்கர நாற்காலியைக் கொண்டுபோவது. கைச்சைக்கிளோடு கழிப்பறைக்குள் போக முடியாது, சாப்பாட்டு மேசைக்குப் போக முடியாது. எங்கள் ஊர்ப் பட்டறை ஒன்றில் இரண்டு சில்லு இழுவைப் பெட்டி செய்து, மடித்த நாற்காலியை அதில் கட்டி என் லுமாலாச் சைக்கிளுக்குப் பின்னால் இழுத்தேன்.

இன்னொன்று நான் எதிர்பார்க்காதது. மணிக்கு நான்கு கிலோமீற்றர் வேகத்தில் இரண்டு சில்லுச் சைக்கிள் நிமிர்ந்து நிற்காது, ஆடி விழும். மூன்று சில்லு எவ்வளவு மெல்லப் போனாலும் விழாது, எங்கேயும் நின்று எங்கேயும் வெளிக்கிடலாம். ஆகவே மலையில் பாதித் தூரம் நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். அவர் ஓடினார். கூடப் போகிறவர்கள் நல்ல சப்பாத்து கொண்டுபோங்கள்.

வழியில் ஆட்கள் எப்படி நடந்துகொண்டார்கள்?

அன்பாக. ஆனால் அண்ணையைப் பற்றி என்னிடம் கேட்டார்கள். "இவருக்கு என்ன நடந்தது? சாப்பிடுவாரா?" என்று. நான் பேசாமல் அண்ணையைப் பார்ப்பேன், அவர் பதில் சொல்வார். இரண்டாவது கேள்வியிலேயே ஆட்கள் அவர் பக்கம் திரும்பிவிடுவார்கள். சிங்களப் பகுதிகளில் எங்கள் இருவருக்கும் பேச்சு அரைகுறைதான். அண்ணையின் சிங்களம் என்னுடையதைவிட நல்லது, எனவே அங்கே எல்லாப் பேச்சும் அவருடையது.

இறம்பொடைக்கு முன்னால் ஓர் ஓட்டோக்காரத் தம்பி ஒன்றும் கேட்காமல், இரண்டு பக்க லைட்டையும் மினுக்கவிட்டு எங்களுக்குப் பின்னால் மூன்று வளைவு தாண்டும் வரை மெல்ல வந்தார். பிறகு கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். உதவி என்றால் அது.

தங்குமிடமும் கழிப்பறையும்?

மலையைவிட இதுதான் கடினம். விடுதிக்கு அழைத்து "சக்கர நாற்காலி வருமா?" என்று கேட்டால் எல்லோரும் "வரும், வரும்" என்பார்கள். அப்படிக் கேட்காதீர்கள். "குளியலறைக் கதவு எத்தனை அங்குலம்? அளந்து சொல்லுங்கோ. வாசலில் எத்தனை படி? படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கோ" என்று கேளுங்கள். அண்ணையின் நாற்காலிக்கு 26 அங்குலம் வேண்டும். எங்களிடம் "வரும்" என்று சொன்ன ஒரு விடுதியில் கதவு 22 அங்குலம். அன்று இரவு குளியலறைக்குள் பிளாஸ்டிக் கதிரை போட்டு, நான் தூக்கி மாற்றவேண்டி வந்தது. அண்ணை அன்று ஒரு வார்த்தையும் பேசவில்லை. 26 அங்குலக் கதவுள்ள அறைக்காக மறுநாள் எட்டுக் கிலோமீற்றர் கூட ஓடவும் அவர் ஆயத்தமாக இருந்தார்.

நடுவில் ஓட்டை வெட்டிய பிளாஸ்டிக் கதிரை ஒன்றை இழுவைப் பெட்டியின் மேல் கட்டிக்கொண்டு போங்கள். எந்தக் கழிப்பறையும் ஓரளவு பாவிக்கக்கூடியதாகிவிடும். சிறுநீருக்குக் கதீற்றர்க் குழாய் பாவிப்பவர்கள் நேரத்தைப் பிந்தவிடக் கூடாது. அண்ணை நான்கு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை. அதற்கு ஒரு மறைப்புத் துணியும், கை கழுவத் தனிப் போத்தல் தண்ணீரும் சவர்க்காரமும் என் பையில் எப்போதும் இருந்தன. கழிப்பறை இல்லை என்று பயந்து தண்ணீர் குடிப்பதைக் குறைப்பவர்கள் உண்டு. சிறுநீர்த் தொற்றுக்கு அதுதான் வழி.

மூன்று நாள் ஏன் பிந்தியது?

என் கவனக்குறைவால். உணர்வு இல்லாத உடம்பில் ஒரே இடம் அழுந்திக்கொண்டிருந்தால் இரத்த ஓட்டம் நின்று தோல் செத்துப்போகும். வலி வராததால் தெரியாது. ஒரு படுக்கைப் புண் ஆற மாதக் கணக்கு ஆகலாம். உயிரையும் எடுக்கும். ஆகவே இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை உடம்பை ஒரு பக்கம் சாய்த்து, பாரத்தை எடுத்து, ஒரு நிமிடமாவது பிடிக்கவேண்டும். இரவில் இடுப்பு, பிட்டம், குதிக்கால், கணுக்கால் எல்லாவற்றையும் பார்க்கவேண்டும்.

கிளிநொச்சியிலிருந்து வவுனியாவுக்கு ஓடிய நாளில் காற்று நன்றாக இருந்தது. உற்சாகத்தில் நேரம் பார்க்கிற என் வேலையை மறந்தேன். அன்று இரவு கைப்பேசியில் படம் எடுத்துப் பார்த்தபோது முதுகடி எலும்பின் மேல் ஒரு ரூபாக் குற்றி அளவு சிவப்பு. விரலால் அழுத்தினால் வெளிறவில்லை. அரை மணித்தியாலம் குப்புறப் படுத்துப் பார்த்தும் மறையவில்லை. அது முதல் நிலைப் புண். அந்த இடத்தில் பாரம் வைக்கவே கூடாது. வவுனியாவில் இரண்டு நாள் அண்ணை குப்புறப் படுத்துக்கொண்டு கைப்பேசியில் கிரிக்கெட் பார்த்தார். என்னை ஒரு சொல் ஏசவில்லை. மூன்றாம் நாள் நிறம் பழைய நிலைக்கு வந்த பிறகுதான் வெளிக்கிட்டோம். அதற்குப் பிறகு நுவரெலியா வரை என் கையில் இருபது நிமிட அலாரம் ஒரு தடவையும் பிந்தவில்லை. காற்றடைத்த இருக்கை மெத்தையை மலையில் ஏறும்போது சரிபார்க்கவும் வேண்டும். உயரம் போகப் போக வெளிக் காற்றழுத்தம் குறைந்து மெத்தை ஊதும், இறுகும். கொஞ்சம் காற்றை விடவேண்டும்.

மற்ற ஒரு நாள் கண்டியில் கூடுதலாக ஆறியது. அதற்குக் காரணம் அவருடைய தோள்.

தோளுக்கு என்ன செய்தார்?

சக்கர நாற்காலியில் இருப்பவருக்குத் தோள்தான் கால். அது போனால் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறக்கூட முடியாது. நாற்காலிச் சில்லைத் தள்ளுவதைவிடக் கைச்சைக்கிள் தோளுக்கு இலகு. இரண்டு பக்கமும், தள்ளும்போதும் இழுக்கும்போதும், வேலை பகிரப்படுகிறது. இருந்தாலும் நாள் முழுக்கச் சுற்றினால் நோகும். நோ வந்த இடத்தில் நின்றுவிட வேண்டும் என்பது எங்கள் விதி. கண்டியில் வலது தோள் நொந்தது, நின்றோம்.

முள்ளந்தண்டு இன்னும் மேலே அடிபட்டவர்கள் போகலாமா?

வைத்தியரோடு பேசாமல் போகக் கூடாது. நெஞ்சு மட்டத்தில், ஆறாவது நெஞ்சு முள்ளெலும்பிலோ அதற்கு மேலேயோ, அடிபட்டவர்களுக்கு ஓர் ஆபத்து உண்டு. சிறுநீர்ப்பை நிரம்பினாலோ, பட்டி இறுகினாலோ இரத்த அழுத்தம் திடீரென ஏறும். தலை பிளக்கிற மாதிரி இடிக்கும், முகம் சிவக்கும், வியர்க்கும். உடனே நிமிர்த்தி இருத்தி, இறுக்கமானதைத் தளர்த்தி, சிறுநீரை வெளியேற்றவேண்டும். குறையாவிட்டால் ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். கூடப் போகிறவருக்கு இது மனப்பாடமாக இருக்கவேண்டும்.

வெயிலும் குளிரும்?

அடிபட்ட இடத்துக்குக் கீழே வியர்க்காது. ஆகவே உடம்பு சூட்டை இறக்க வழி குறைவு. விடிய ஐந்து மணிக்கு வெளிக்கிட்டு, பதினொரு மணிக்கு நிழலுக்குள் போய்விடுவோம். நனைத்த துவாய் கழுத்தில், ஸ்பிறே போத்தலில் தண்ணீர் கையில். வெயிலில் நின்ற இரும்புச் சட்டத்தில் கால் பட்டால் கொதிப்பு தெரியாது, காயம் மட்டும் வரும். சட்டத்துக்குத் துணி சுற்றினோம்.

நுவரெலியாவில் மறுபக்கம். கால் குளிர்ந்து நீலமாவதும் தெரியாது. கம்பளிக் காலுறை இரண்டு போட்டு, அடிக்கடி தொட்டுப் பார்க்கவேண்டும். சுடுதண்ணீர்ப் பையைக் காலில் வைக்கவே கூடாது.

சாப்பாடு?

காலையில் புட்டோ இடியப்பமோ, வழியில் கதலி வாழைப்பழம், எள்ளுருண்டை, பனங்கட்டியோடு பிளேன்ரீ. முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, அங்கே வாங்கிய கச்சான் தம்புள்ளை வரை வந்தது.

பழுது திருத்த என்ன கொண்டுபோனீர்கள்?

ரியூப் ஆறு, ஒட்டுச் சாமான், பம்ப், செயின் இணைப்பு, பிறேக் கட்டை, கம்பி. கைச்சைக்கிளின் செயின் சாதாரணத்தைவிட நீளம், எனவே இரண்டு செயினை வெட்டி ஒட்டிக் கொண்டுபோங்கள். மற்றதெல்லாம் வழியில் உள்ள எந்தச் சைக்கிள் கடையிலும் கிடைக்கும். 20 அங்குல ரியூப் சின்னப் பிள்ளைகளின் சைக்கிளுக்கும் அதேதான். போர்க்கால எண்ணெய்த் தடையில் யாழ்ப்பாணம் முழுவதையும் சைக்கிளில் ஓடவைத்த தலைமுறை இங்கே இன்னும் கடை வைத்திருக்கிறது. டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட அந்தக் கைகள் எங்கள் கியரைப் பூட்டித் தந்தன. அந்த ஐயா காசு வாங்கவில்லை.

இறக்கத்தில் பயமில்லையா?

உண்டு. எனக்குத்தான் கூட. நுவரெலியா நகரத்திலிருந்து சீதா எலிய அம்மன் கோயிலுக்கு இறங்கினோம். கையைச் சுற்றாமல் வைத்திருக்கலாம், வண்டி தன்பாட்டில் உருளும், பிறேக் கைப்பிடியிலேயே இருக்கிறது. ஆனால் திருப்புவது, பிடிப்பது இரண்டும் அதே கைகள். தொடர்ந்து பிடித்தால் பிறேக் சூடேறி வலு இழக்கும். இடைவிட்டு, அழுத்தமாகப் பிடிக்கவேண்டும். வளைவில் உடம்பை உட்பக்கம் சாய்க்காவிட்டால் மூன்று சில்லும் குடை சாயும். காலைப் பட்டியால் கட்டவும் வேண்டும், தாங்கியிலிருந்து நழுவினால் சில்லுக்குள் போய்விடும்.

மோட்டார் பூட்டினால் என்ன?

பூட்டுங்கள். தோள் நோகிறவருக்கும், கையில் வலு குறைந்தவருக்கும் மலைக்கு அது கதவைத் திறக்கிறது. அதைக் குறைவாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அண்ணை பூட்டாததற்குக் காரணம் மின்கலத்தின் விலை மட்டுமே.

வேறு ஆபத்துகள்?

முகமாலைப் பக்கம் கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை கண்டால் வீதியை விட்டு ஓர் அடியும் இறங்க வேண்டாம், எந்த அவசரத்துக்கும். காட்டுப் பகுதிகளில் யானை நடமாட்டம் இருக்கிறது, பொழுது படமுன் தங்குமிடத்தில் இருங்கள். மலை வளைவில் பஸ் வரும் சத்தம் கேட்டால் நின்று வழிவிடுங்கள். இறம்பொடைச் சுரங்கப்பாதைக்குள் பகலிலும் லைட் போடுங்கள்.

எப்படித் திரும்பி வந்தீர்கள்?

தம்புள்ளைக்கு மரக்கறி கொண்டுபோன லொறியில் ஒரு தரம், அங்கிருந்து வெங்காயம் இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பிய யாழ்ப்பாண லொறியில் இன்னொரு தரம். அண்ணை முன் இருக்கையில், நான் பின்னால் இரண்டு சைக்கிளோடும்.

கைச்சைக்கிள் எங்கே எடுக்கலாம்?

அண்ணையினது கனடாவில் இருக்கிற மச்சான் அனுப்பிய பழைய வண்டி. புதியது மிக விலை. வெளிநாட்டில் உறவு உள்ளவர்கள் பாவித்ததைத் தேடச் சொல்லுங்கள், ஆனால் இடுப்பகலமும் கை நீளமும் அளந்து அனுப்பிய பிறகு. அளவு பிழைத்த வண்டி புண்ணைத்தான் தரும்.

ஒரு தரம் ஓடிப் பார்க்கலாமா?

பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் விடிய ஐந்தரைக்குப் பண்ணைத் தாம்போதியின் தொடக்கத்தில் நிற்போம். போன மாதம் சாவகச்சேரியிலிருந்து ஒரு தங்கச்சி தன் அப்பாவோடு வந்தாள். அவளை ஏற்றி இருத்த அப்பா குனிந்தார். "பொறுங்கோ அப்பா, அண்ணை சொல்லித் தரட்டும்" என்றாள். அண்ணை நாற்காலியைக் கைச்சைக்கிளுக்குப் பக்கத்தில் விட்டு, எந்தக் கையை எங்கே ஊன்றுவது என்று காட்டினார். மூன்றாவது முயற்சியில் தானே மாறி இருந்தாள். முதல் பாலம் வரை போய்த் திரும்பி வர முக்கால் மணித்தியாலம் எடுத்தது. வந்ததும் அவள் கேட்டது, கியர் எத்தனை பல்லு என்று.